கேர்லான் குன்றில் ஒரு சிதை

ட்ரூயிடுகளின் கதை – 11

1884 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு வேல்ஸில் லான்ட்ரிசன்ட் என்று ஒரு மலையூர். மாலை ஆராதனை முடிந்து சனங்கள் தேவாலயங்களிலிருந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. ஊரை ஒட்டிய கேர்லான் குன்றின் மேல் தீ எரிந்துகொண்டிருந்தது. என்ன தீ என்று பார்க்க மேலே ஏறினார்கள். அங்கே வெள்ளை அங்கி அணிந்த கிழவர் ஒருவர் வேல்ஸ் மொழியில் எதையோ ஓதிக்கொண்டு நின்றார். நெஞ்சில் நரைத்த தாடி, முதுகில் நீண்ட முடி. அவர் எதிரே மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்று கொழுந்துவிட்டு எரிந்தது. அதற்குள் வெள்ளைத் துணி சுற்றிய சின்ன உருவம் ஒன்று.

பீப்பாய் உதைத்துச் சாய்க்கப்பட்டது. தீக்குள்ளிருந்து வெளியே வந்து விழுந்தது ஒரு கைக்குழந்தையின் உடல். கூட்டம் கிழவர் மீது பாய்ந்தது. போலீஸ் வந்து அவரைக் கைது செய்ததால்தான் அவர் உயிர் தப்பினார்.

அவர் டாக்டர் வில்லியம் ப்ரைஸ். வயது 83. இறந்த குழந்தை அவருடைய ஐந்து மாத மகன். தன்னைத் தலைமை ட்ரூயிட் (பண்டைய கெல்டியப் பூசாரிகளின் தலைவர்) என்று அழைத்துக்கொண்டவர், தன் முன்னோர்களின் முறைப்படி மகனுக்கு ஈமக்கடன் செய்ததாகச் சொன்னார்.

முந்தைய அத்தியாயங்களில் நாம் பார்த்த ட்ரூயிடுகள் வேறு மாதிரியானவர்கள். ஸ்டோன்ஹெஞ்சை அளந்து வரைந்து அதை ட்ரூயிடுகளின் கோயில் என்று 1740-ல் புத்தகம் போட்ட வில்லியம் ஸ்டுக்லி ஒரு பாதிரியார். அவருடைய ட்ரூயிட் மோகம் பெரும்பாலும் ஏட்டில்தான். 1781-ல் லண்டன் மதுக்கடை ஒன்றில் தொடங்கிய பண்டைய ட்ரூயிட் சங்கம் நண்பர்கள் கூடிப் பாடிக் குடித்து ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட சங்கம். கல்தச்சர் யோலோ மொர்கானுக் 1792-ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக அடுக்கி நடத்திய கோர்செத் என்ற பாணர் அவைச் சடங்கு, பிறகு வேல்ஸின் கவிதைத் திருவிழாவான அய்ஸ்தெத்வொத்தோடு இணைந்து ஒரு தேசத்தின் பெருமையானது. இவர்களில் பெரும்பாலோர் குழந்தை பிறந்தபோதோ, மணம் முடித்தபோதோ, பிள்ளை செத்தபோதோ ட்ரூயிடாக நடந்துகொள்ளவில்லை. அந்த நேரங்களில் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். ட்ரூயிட் மரபை வீட்டுக்குள் கொண்டுபோய், சாவு விழுந்த வீட்டில் அதன்படி நின்ற முதல் ஆள் என்று எனக்குத் தெரிந்தவரை ப்ரைஸைத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த அத்தியாயம் முழுவதையும் அவருக்கு ஒதுக்குகிறேன்.

ப்ரைஸ் பிறந்தது 1800 மார்ச் 4-ஆம் தேதி, கேர்ஃபிலி ஊருக்குப் பக்கத்தில் ருட்ரி என்ற கிராமத்தில். அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக் குருப்பட்டம் பெற்றவர். பிறகு மனநிலை பிறழ்ந்துவிட்டார். உடுத்திய துணியோடு குளத்தில் இறங்குவார், பாம்புகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவார். அம்மா, மணமாகும் முன் வேலைக்காரப் பெண்ணாக இருந்தவர். வீட்டில் பேச்சு வேல்ஸ் மொழியில்தான். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பையன், கேர்ஃபிலியில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகி, லண்டனுக்குப் போய், 1821-ல் அறுவை மருத்துவர் கல்லூரியின் உரிமம் வாங்கித் திரும்பினான்.

அவர் வேலைக்கு வந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டாஃப் ஆறும் ரோந்தா ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது பான்ட்டிப்ரித். அப்போது அதற்கு நியூபிரிட்ஜ் என்று பெயர். 1818-ல் அங்கே பிரவுன் லெனாக்ஸ் என்ற சங்கிலித் தொழிற்சாலை வந்தது. கடற்படைக் கப்பல்களின் நங்கூரச் சங்கிலிகள் அங்கேதான் அடிக்கப்பட்டன. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு பங்கைச் சேர்த்து, தங்களுக்கென்று ஒரு மருத்துவரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ப்ரைஸ். முதலாளியின் ஆளாக இல்லாமல் கூலிக்காரர்களின் ஆளாகத் தொழில் தொடங்கியவர் என்பதை மறந்தால் அவருடைய பிற்கால வாழ்க்கை வெறும் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

கிறுக்குத்தனங்களும் நிறைய இருந்தன. காலுறை போடமாட்டார், அது உடம்புக்குக் கெடுதி என்பார். கைக்கு வரும் நாணயங்களைக் கழுவித்தான் எடுப்பார். இறைச்சி தொடமாட்டார். புகைபிடிப்பவருக்கு வைத்தியம் பார்க்க மறுப்பார். பச்சை நிற உடை, சிவப்பு உள்சட்டை, தலையில் முழு நரித்தோல். நரியின் வாலும் கால்களும் தோளில் தொங்கும். அம்மைத் தடுப்பூசியையும் அவர் எதிர்த்தார், அதில் அவர் செய்தது பிழை. தொழிற்சாலைப் புகையிலும் நெரிசலிலும் நோய் பெருகிய அந்த ஊரில், மருந்துப் புட்டியை நம்பாமல் காற்று, தண்ணீர், சாப்பாடு என்று பேசிய மருத்துவர் அவர் என்பதும் உண்மை. ஏழைகள் அவரிடம் வரிசையில் நின்றார்கள்.

பான்ட்டிப்ரித்துக்கு மேலே ஒரு குன்றில் ஆடும் பாறை ஒன்று இருக்கிறது. மேன் ச்விவ் என்பது அதன் பெயர். பெரிய தட்டையான பாறை, கீழ்ப்பாறையின் மேல் சமநிலையில் உட்கார்ந்திருக்கும். தள்ளினால் லேசாக அசையும் என்பார்கள். பனியாறுகள் உருகிய காலம் விட்டுப்போன பாறைதான். யோலோ மொர்கானுக் அதை ட்ரூயிடுகளின் வழிபாட்டிடம் என்று கண்டார். அங்கே கோர்செத் கூட்டினார். யோலோ 1826-ல் இறந்த பிறகு அந்தப் பாறை பான்ட்டிப்ரித்காரர்களின் சொத்தானது. அங்கே ட்ரூயிடுகளுக்கு ஒரு கோபுரமும் அருங்காட்சியகமும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும் என்று 1838-ல் ப்ரைஸ் பணம் திரட்டப் பார்த்தார். பணம் சேரவில்லை. பக்கத்தில் க்ளின்டாஃபில் ஒரு மாளிகைக்காகக் கட்டிய இரண்டு வட்டவடிவ வாயில்வீடுகள் மட்டும் எழுந்தன; மாளிகை எழவே இல்லை. அந்த வட்டவீடுகள் இன்றும் நிற்கின்றன.

கரியும் இரும்பும் ஆட்சி செய்த ஒரு பள்ளத்தாக்கில் ட்ரூயிட் மரபு ஏன் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது? காட்டிலும் பண்ணையிலும் பிறக்க வேண்டிய ஒன்று தொழிற்சாலைச் சங்கு ஊதும் ஊரில் பிறந்திருக்கிறது. எனக்குத் தோன்றுகிற காரணம் இது. இரண்டு தலைமுறைக்குள் அந்த நிலம் அடையாளம் தெரியாமல் மாறியது. ஓடைகள் கறுத்தன, மலைச்சரிவில் கசடு குவிந்தது, ஊரே வந்தேறிகளால் நிரம்பியது. தாத்தா மேய்த்த குன்றின் கீழ் பேரன் சுரங்கத்துக்குள் இறங்கினான். அதோடு 1847 வந்தது. வேல்ஸின் கல்வி நிலையை ஆராய லண்டன் அனுப்பிய மூன்று ஆங்கிலேய ஆணையர்கள், நாட்டின் பின்தங்கிய நிலைக்கு வேல்ஸ் மொழியையும் சபை வழிபாட்டையும் காரணம் காட்டி, பெண்களின் ஒழுக்கத்தையும் இழித்து எழுதினார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஸ்காரர்கள் நீலப் புத்தகங்களின் துரோகம் என்று இன்றும் சொல்கிறார்கள். உன் மொழி காட்டுமிராண்டி மொழி என்று அரசாங்கமே அச்சடித்துச் சொல்லும்போது, இல்லை, ரோமாபுரி வருவதற்கு முன்பே எங்களுக்கு ஞானிகள் இருந்தார்கள், அவர்கள் பேசியது இந்த மொழியை என்று சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது. யோலோ அந்தக் கதையைத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார். வேல்ஸின் தேசிய கீதமும் இதே பான்ட்டிப்ரித்தில்தான், 1856-ல், அப்பாவும் மகனுமாக இருவர் சேர்ந்து எழுதி இசையமைத்தது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

யோலோவின் கதையில் பெரும்பகுதி அவரே புனைந்தது என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள். அதைச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகவே பார்த்தோம். 1840-களில் யாருக்கும் அது தெரியாது.

ஆடும் பாறைக்கு இன்னொரு உரிமைக்காரரும் இருந்தார். ஈவன் டேவிஸ், கடிகாரம் பழுதுபார்ப்பவர். மவிர் மொர்கானுக் என்று புனைபெயர். 1840-களில் பான்ட்டிப்ரித்தில் குடியேறிய அவர், யோலோவின் மகன் தலியேசின் 1847-ல் இறந்ததும் தலைமை ட்ரூயிட் பட்டம் தனக்கே என்றார். பாறையைச் சுற்றிக் கற்களை வட்டமாகவும் பாம்பு வடிவமாகவும் நட்டு, சூரியன் திசை திரும்பும் நாட்களிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களிலும் அங்கே வழிபாடு நடத்தினார். கிறிஸ்தவம் என்பதே யூத உடை உடுத்திய ட்ரூயிட் மதம் என்பது அவருடைய கொள்கை. அக்கம்பக்கத்துப் பாதிரியார்கள் கொதித்தார்கள். கூட்டம் மட்டும் குறையவில்லை. இன்றைய ட்ரூயிடுகள் ஆண்டில் எட்டு நாட்களைத் திருநாட்களாகக் கொண்டாடுகிறார்கள். அவற்றில் நான்கு, மவிர் பாறையின் மேல் நின்ற அதே நான்கு நாட்கள்.

ப்ரைஸுக்கும் மவிருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு பாறைக்கு இரண்டு தலைமை ட்ரூயிடுகள். மவிர் வேதாந்தி, பழம்பெரும் மதங்களை ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தவர். ப்ரைஸ் செயல்காரர். அவருக்கு ட்ரூயிட் மதமும் அரசியலும் ஒன்று.

அந்த அரசியல் சார்ட்டிஸ்ட் இயக்கம். எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, இரகசிய வாக்கெடுப்பு என்று கேட்ட தொழிலாளர் இயக்கம் அது. பான்ட்டிப்ரித் வட்டாரத்தின் சார்ட்டிஸ்ட் தலைவர் ப்ரைஸ். 1839 நவம்பர் 4-ஆம் தேதி ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் நியூபோர்ட் நகருக்குள் நுழைந்தார்கள். விடுதி ஒன்றிலிருந்து சிப்பாய்கள் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ப்ரைஸ் அன்று நியூபோர்ட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. போலீஸ் தேடியது. பெண் வேடமிட்டுக் கப்பலேறிப் பிரான்சுக்குத் தப்பியதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

பாரீஸில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். லூவ்ர் அருங்காட்சியகத்தில் கிரேக்க எழுத்து பொறித்த ஒரு பழைய கல் முன்னால் போய் நின்றார். அதில் செதுக்கியிருந்த உருவம், நிலவை நோக்கிப் பாடும் ஒரு கெல்டிய பாணன் என்று அவருக்குப் பட்டது. அந்த எழுத்துகளுக்குள் இருந்தது ஒரு தீர்க்கதரிசனம் என்றும், வேல்ஸ் மொழியின் இரகசியத்தைத் திறந்து தன் மக்களை விடுவிக்க ஒருவன் வருவான் என்று அது சொல்வதாகவும் படித்தார். அந்த ஒருவன் தானே என்று முடிவு செய்தார். அப்படி எதுவும் அந்தக் கல்லில் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் இயக்கம் சிதறி, தோழர்கள் தூக்குத் தண்டனை எதிர்பார்த்துச் சிறையில் கிடக்க, தான் மட்டும் அந்நிய நகரத்தில் தப்பி நிற்கிற மனிதனுக்கு அந்தக் கல் பேசியிருக்கிறது. அதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து 53 ஆண்டுகள் அவர் அந்தக் கல்லுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார். யோலோ தான் எழுதியதைத் தானே எழுதியதாக அறிந்திருந்தார். ப்ரைஸ் தான் படித்ததை முழுக்க நம்பினார். இந்த மரபில் புனைந்தவருக்கும் நம்பியவருக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் மிக முக்கியமானது.

ஊர் திரும்பிய பிறகு வழக்குகள், கடன்கள், மீண்டும் ஒரு பிரான்ஸ் வாசம். 1871-ல் தானே கண்டுபிடித்த எழுத்துக்கூட்டு முறையில் ஒரு புத்தகம் போட்டார். யாராலும் படிக்க முடியவில்லை. 1870-களில் லான்ட்ரிசன்டில் குடியேறி வைத்தியத்தைத் தொடர்ந்தார். சட்டப்படியான திருமணம் பெண்ணை அடிமையாக்குகிறது என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. முன்பே ஆன் மோர்கன் என்ற பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்து, க்வென்ஹியோலன் என்ற மகளையும் பெற்றிருந்தார். 1881 மார்ச் 4-ஆம் தேதி, தன் 81-ஆம் பிறந்தநாளில், ஆடும் பாறையில் ட்ரூயிட் சடங்கு நடத்தி, தன் வீட்டில் வேலைக்கு வந்த க்வென்லியன் லூவெலினைத் துணையாக ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதை ஒட்டிய பருவம். பெண் விடுதலை பேசியவர், தன் வீட்டுச் சம்பளக்காரப் பெண்ணை அந்த வயதில் துணையாக்கிக்கொண்டதை வாசகர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது நெருடுகிறது. க்வென்லியன் கடைசிவரை அவரோடு நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1883 ஆகஸ்டில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ப்ரைஸ் அவனுக்கு வைத்த பெயர் யேசி க்ரிஸ்ட். வேல்ஸ் மொழியில் அது இயேசு கிறிஸ்து. பாரீஸ் கல் சொன்ன மீட்பர் வம்சம் இந்தப் பிள்ளையில் தொடங்கும் என்று தந்தை நம்பினார். சபைக்கட்டுப்பாடு மிகுந்த அந்த ஊருக்கு அந்தப் பெயரே போதுமான நிந்தனை. 1884 ஜனவரி 10-ஆம் தேதி குழந்தை இறந்தது.

புதைப்பது மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்கிறது, வாழ்கிறவர்களுக்கு வேண்டிய நிலத்தை வீணாக்குகிறது என்பது மருத்துவரான ப்ரைஸின் வாதம். தீயில் கொடுப்பதே முன்னோர் முறை என்பது ட்ரூயிடான ப்ரைஸின் வாதம். காலரா மாறி மாறித் தாக்கிய காலத்தில், நிரம்பி வழிந்த இடுகாடுகளைப் பார்த்தவருக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிந்திருக்காது. வானம் தெரியும் உச்சி என்பதால் குன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒளித்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. ஞாயிறு மாலை, ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும் நேரம்.

அவரைக் காவலில் வைத்திருந்த இரவில் கூட்டம் அவர் வீட்டைத் தாக்கப் போனது. உள்ளே, மூன்று நாளுக்கு முன் பிள்ளையை இழந்த க்வென்லியன். ப்ரைஸ் வளர்த்த பெரிய நாய்கள்தான் கூட்டத்தைத் தடுத்ததாகச் சொல்கிறார்கள். பிரேத பரிசோதனையில் குழந்தை இயற்கையாகவே இறந்தது உறுதியானது. கொலைச் சந்தேகம் நீங்கியது. பிணத்தை எரித்த குற்றம் மட்டும் நின்றது. அப்படி ஒரு குற்றம் சட்டத்தில் இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

பிரிட்டனில் இந்தக் கேள்வி பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 1870-ல் இங்கிலாந்துப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் கோல்ஹாபூரின் இளம் மகாராஜா ராஜாராம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இறந்தபோது, ஆர்னோ ஆற்றங்கரையில் இந்து முறைப்படி சிதை மூட்ட அந்த நகராட்சி அனுமதித்தது; ஐரோப்பாவே அதைப் பற்றிப் பேசியது. 1874-ல் விக்டோரியா ராணியின் அறுவை மருத்துவர் சர் ஹென்றி தாம்ப்சன் இங்கிலாந்தில் தகனச் சங்கம் தொடங்கினார். சங்கம் வோக்கிங்கில் இடம் வாங்கி உலை கட்டி, 1879 மார்ச்சில் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தது. ஊர்க்காரர்கள் போராடினார்கள், உள்துறை அமைச்சர் தடுத்தார், உலை அணைந்தது. கனவான்கள் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். ப்ரைஸ் காத்திருக்கவில்லை.

1884 பிப்ரவரியில் கார்டிஃப் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிபதி சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். நம் வாசகர்களில் வழக்கறிஞர்கள் இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1869 முதல் 1872 வரை வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராகக் கல்கத்தாவில் இருந்தவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் அவர்தான். 2024 ஜூலை வரை நம் நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்தின்படிதான் சாட்சி கேட்டன. எரிப்பதை ஒரு நாகரிகத்தின் அன்றாட வழக்கமாகக் கொண்ட நாட்டில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர், எரித்ததற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா என்று தீர்மானிக்க உட்கார்ந்தார். இந்திய அனுபவம் அவர் மனத்தில் எவ்வளவு வேலை செய்தது என்று அளக்க வழியில்லை. அது இல்லாத ஒரு நீதிபதி வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

ப்ரைஸ் தன் வழக்கைத் தானே வாதாடினார். ஸ்டீபன் பழைய தீர்ப்புகளை, திருச்சபைச் சட்டங்களை, ரோமானியர் காலத்திலிருந்து அடக்க முறைகளின் வரலாற்றை எல்லாம் புரட்டிப் பார்த்து ஜூரிகளுக்கு விளக்கினார். ஒரு செயல் பெரும்பாலோர் மனத்தைப் புண்படுத்துகிறது என்பதற்காக மட்டும் நீதிபதி அதைக் குற்றமாக்கிவிட முடியாது என்றார். பொதுத்தொல்லை ஆகாதபடி எரித்தால், பிணத்தைப் புதைக்காமல் எரிப்பது குற்றமாகாது என்பது அவர் சொன்ன சட்டம். ப்ரைஸ் விடுதலையானார்.

மார்ச் 14-ஆம் தேதி அதே கேர்லான் குன்றில் மகனுடைய உடலை, இந்த முறை நிலக்கரி அடுக்கி, தடையில்லாமல் எரித்து முடித்தார். வெற்றியின் நினைவாக ஒரு பதக்கம் அடித்து விற்றார். அதில் பாம்பும் பிரபஞ்ச முட்டையும் இருந்தன. தகனத்தைச் சட்டமாக்கும் மசோதா அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் தோற்றது. கார்டிஃப் தீர்ப்பு கையில் இருந்ததால் தகனச் சங்கத்துக்கு மசோதா தேவைப்படவில்லை. 1885 மார்ச் 26-ஆம் தேதி வோக்கிங் உலையில் ஜேனட் பிக்கர்ஸ்கில் என்ற பெண்மணியின் உடல் தகனம் செய்யப்பட்டது. அந்த ஆண்டு மொத்தம் மூன்று தகனங்கள். கடைசியில் 1902-ல் தகனச் சட்டம் வந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் கோர்செத் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1888-ல் அதன் தலைமை ட்ரூயிடாக முறைப்படி ஏற்கப்பட்டவர் க்ளூயிட்வார்த். ப்ரைஸ் பிறந்த அதே 1800-ல் பிறந்தவர். மவிரைப் போலவே கடிகாரத் தொழில் செய்தவர். அதோடு வெஸ்லியன் சபையின் போதகர். காலையில் சபையில் பிரசங்கம், பிற்பகலில் கல்வட்டத்தில் ட்ரூயிட் அங்கி. இரண்டுக்கும் இடையே அவருக்கு முரண் எதுவும் தெரியவில்லை, வேல்ஸுக்கும் தெரியவில்லை. ஆற்றின் இரண்டு கிளைகள் பிரிவதை இங்கேதான் நாம் பார்க்கிறோம். ஒரு கிளை மொழியையும் கவிதையையும் காத்தது. இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் தேசிய அய்ஸ்தெத்வொத்தில் வெற்றிபெற்ற கவிஞரை நாற்காலியில் அமர்த்தும்போது தலைமை ட்ரூயிட் வாளைப் பாதி உருவி, அமைதியா என்று மூன்று முறை கேட்பார். அமைதி என்று கூட்டம் பதில் முழங்கும். அங்கே ட்ரூயிட் என்பது பண்பாட்டுப் பதவி. மறுகிளை வழிபாட்டை நோக்கிப் போனது. 1964-ல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய பாணர், ஓவேட், ட்ரூயிட் சங்கமும், 2010-ல் இங்கிலாந்து, வேல்ஸ் அறநிலைய ஆணையம் மத அமைப்பாகப் பதிவு செய்த ட்ரூயிட் நெட்வொர்க்கும் அந்தக் கிளையில் வந்தவை. பிரார்த்தனையில் இரண்டு கிளைகளும் யோலோவையே ஓதுகின்றன.

இரண்டாம் கிளையின் ட்ரூயிடுகள் ப்ரைஸைத் தங்கள் முன்னோர் வரிசையில் வைக்கத் தயங்கியதுண்டு. நரித்தோலும், மகனுக்கு வைத்த பெயரும், தானே மீட்பர் என்ற பேச்சும் அவர்களுக்குச் சங்கடம். ப்ரைஸ் வழிமுறை எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இன்று ஒரு ட்ரூயிட் குடும்பம் தன் குழந்தைக்குப் பெயர் சூட்டவோ, கைகளைக் கட்டி மணம் முடிக்கவோ, இறந்தவரை வழியனுப்பவோ குன்றின் மேல் கூடும்போது செய்வது, அடிப்படையில் ப்ரைஸ் ஆடும் பாறையிலும் கேர்லானிலும் செய்ததுதான். ரோமானியர் காலத்து ட்ரூயிடுகளிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது எதுவும் இல்லை என்று நாம் இப்போது உறுதியாகச் சொல்லலாம். அவர் நம்பிய பரம்பரை பொய். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் நின்ற நிலை பொய்யில்லை. ஒரு மதத்தின் வயதைக் கல்வெட்டில் தேடுவதோடு, அதை நம்பியவர்கள் சாவு வீட்டில் என்ன செய்தார்கள் என்பதிலும் தேட வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கில் நவீன ட்ரூயிட் மதத்துக்கு 1884 ஒரு பிறந்த ஆண்டு.

ப்ரைஸுக்கும் க்வென்லியனுக்கும் பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அடுத்த மகனுக்கும் யேசி க்ரிஸ்ட் என்றே பெயர் வைத்தார்; மகள் பெனலபன். மகனை எரித்த இடத்தில் 60 அடி உயரக் கம்பம் நட்டு அதன் உச்சியில் பிறைநிலவைப் பொருத்தினார். தன்னையும் அங்கேதான் எரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். 1893 ஜனவரி 23-ஆம் தேதி, 92 வயதில் இறந்தார். கடைசியாகக் கேட்டு வாங்கிக் குடித்தது ஒரு கோப்பை ஷாம்பெயின் என்பார்கள்.

ஜனவரி 31-ஆம் தேதி விடியலில் தகனம். இரும்புக் கூண்டுக்குள் உடல், அதைச் சுற்றி டன் கணக்கில் நிலக்கரியும் விறகும். பக்கத்தில் நிற்க அனுமதிச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர் வந்ததாகச் செய்தி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே குன்றில் அவரை அடிக்கப் பாய்ந்த ஊர், இப்போது அமைதியாக நின்று பார்த்தது. ஆங்கிலிக்கன் குரு ஒருவர் அடக்க ஆராதனையை வேல்ஸ் மொழியில், சிதைக்கேற்பச் சில சொற்களை மாற்றி நடத்தினார். க்வென்லியனும் பிள்ளைகளும் வேல்ஸின் பாரம்பரிய உடையில் வந்திருந்தார்கள்.

பிறகு க்வென்லியன் வேறொருவரை மணந்து சபைக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மகனுடைய பெயர் நிக்கலஸ் என்று மாறியது. வேல்ஸின் முதல் தகன மேடை 1924-ல் க்ளின்டாஃபில், ப்ரைஸின் வட்டவீடுகளுக்கு அருகிலேயே திறக்கப்பட்டது. லான்ட்ரிசன்டின் நடுச்சந்தியில் 1982-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள்: கைகளை விரித்து, தலையில் நரித்தோலோடு நிற்கிறார்.

தனியொரு மனிதரின் குன்றிலிருந்து அடுத்து நாம் போக வேண்டியது பெருங்கூட்டம் கூடிய சமவெளிக்கு. 1901-ல் ஸ்டோன்ஹெஞ்சின் உடைமையாளர் அதைச் சுற்றி வேலி போட்டு, நுழைய ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்தார். 1905 ஆகஸ்டில் வெள்ளை அங்கியும் ஒட்டுத் தாடியுமாக நூற்றுக்கணக்கான ட்ரூயிடுகள் அந்த வேலிக்குள் நுழைந்தார்கள்.

(தொடரும்)